ஒரு பூட்டும் ஒரு பல்கலைக்கழகமும்: அலிகார் நகரம் வர்த்தகருக்குச் சொல்லும் பாடம்

சில மாதங்களுக்கு முன்னர் ஏறாவூரில் எங்கள் இரும்புக் கடைக்கு வயது முதிர்ந்த ஒருவர் வந்து, “தம்பி, அலிகார் ஆமைப் பூட்டு இருக்கா?” என்று கேட்டார். வாளி வாங்க வந்து பக்கத்தில் நின்ற ஒரு மாணவன் சிரித்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை அலிகார் என்றால் அவன் படிக்கும் பாடசாலை. பாடசாலையின் பெயரில் பூட்டு எப்படி வந்தது என்று அவனுக்குச் சிரிப்பு. பெரியவருக்கோ அலிகார் என்றால் பித்தளையில் செய்த, கையில் எடுத்தால் பாரம் தெரிகிற பூட்டு. இருவரும் சொன்னது ஒரே ஊரைத்தான் என்று நான் விளக்கியபோது இருவருமே நம்பவில்லை.

நானும் அதே பாடசாலையில் சாதாரண தரம் வரை படித்தவன். அதன் பின் வாப்பாவின் கடையில் ஏறியவன், இன்னும் இறங்கவில்லை. ஆகவே பாடசாலை, பூட்டு ஆகிய இரண்டும் எனக்குச் சொந்தம். இந்த வாரம் அந்த ஊரைப் பற்றி எழுதலாம் என நினைக்கிறேன். இறக்குமதி, இலாபம், நாணய மாற்று என்று எழுதி வரும் இந்தப் பத்தியில் ஊர்ப் புராணம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கடைசிவரை வாசித்தால் காரணம் விளங்கும்.

கோல் எனும் பழைய ஊர்

அலிகார், இந்தியாவின் உத்தரப் பிரதேச மாநிலத்தில், கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட சமவெளியில் இருக்கிறது. டில்லியிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தூரம். கிராண்ட் ட்ரங்க் வீதியும், டில்லியையும் ஹவ்ராவையும் இணைக்கும் புகையிரதப் பாதையும் இந்த நகரத்தை ஊடறுத்துச் செல்கின்றன. 2011ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்படி நகரின் சனத்தொகை சுமார் 8 இலட்சத்து 74 ஆயிரம். அதில் நூற்றுக்கு 42 பேருக்குச் சற்றுக் கூடுதலானோர் முஸ்லிம்கள்.

ஊரின் பழைய பெயர் கோல் அல்லது கோயில். நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த யாத்திரிகர் இப்னு பதூதா, டில்லி சுல்தானின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டபோது 1342இல் இந்த ஊரில் தங்கினார். மாமரத் தோட்டங்கள் நிறைந்த அழகிய ஊர் என்று எழுதிவைத்தார். ஆனால் அந்த ஊருக்கு அருகில்தான் அவர் தம் கூட்டத்தைப் பிரிந்து கிளர்ச்சியாளர் கையில் அகப்பட்டு, உயிர் தப்பியதே பெரிய பாடாகப் போனது. அதே இப்னு பதூதா இரண்டு ஆண்டுகள் கழித்து, 1344இல் நமது புத்தளக் கரையில் வந்திறங்கினார். கோலின் மாமரத்தையும் இலங்கையின் கறுவாவையும் ஒரே மனிதர் கண்டு எழுதியிருக்கிறார்.

முகலாயர் காலத்தில் இந்தப் பகுதியை நிர்வகித்த ஸாபித் கான், நகரின் மேட்டுப் பகுதியான ஊபர் கோட்டில் பெரிய ஜும்ஆப் பள்ளிவாசலைக் கட்டுவித்தார். 1724இல் தொடங்கிய வேலை 1728இல் முடிந்தது. இன்றும் பழைய நகரின் எந்தச் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் அதன் குவிமாடங்கள் தெரியும். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் உயிர் நீத்தவர்களின் கப்றுகளும் அந்தப் பள்ளிவாசல் வளவில் உள்ளன.

நகருக்கு வெளியே ஒரு கோட்டை இருக்கிறது. 1803 செப்டெம்பர் 4ஆம் திகதி ஜெனரல் லேக் என்பவர் தலைமையிலான ஆங்கிலப் படை, மராட்டிய சிந்தியாவின் படையிடமிருந்து அதைப் பிடித்தது. அதிலிருந்து ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டைக்கு வழங்கிய அலிகார் எனும் பெயரே காலப்போக்கில் ஊருக்கும் ஆகிவிட்டது.

பூட்டு எப்படி வந்தது?

ஒரு தொழில் ஓர் ஊரில் வேரூன்றுவதற்கு மூன்று விடயங்கள் வேண்டும். கைத்திறன் வேண்டும், மூலப்பொருள் வந்துசேர வழி வேண்டும், முதலில் கொள்வனவு செய்ய ஒருவர் வேண்டும். அலிகாரில் மூன்றும் ஒரே காலத்தில் அமைந்தன.

உலோகத்தை உருக்கி வார்க்கும் கைவினைஞர்கள் இந்தப் பிரதேசத்தில் முன்னரே இருந்தார்கள். 1860களில் புகையிரதம் வந்தது. பழைய பித்தளையும் இரும்புத் தகடும் வந்திறங்கவும், செய்த பொருள் வெளியூர் போகவும் வழி திறந்தது. அரசாங்கத் தபால் திணைக்களத்துக்கு வேண்டிய உபகரணங்களைச் செய்யும் பட்டறை ஒன்றும் அங்கே இயங்கியதால், ஆங்கில முறை வேலை உள்ளூர் ஆட்களுக்குப் பழகியது. 1870இல் ஜோன்சன் அன்ட் கம்பனி என்ற ஆங்கில நிறுவனம் இங்கிலாந்தில் செய்த பூட்டுகளை இறக்கி விற்கத் தொடங்கியது. 1890இல் அதே நிறுவனம் அங்கேயே சிறிய அளவில் பூட்டுச் செய்ய ஆரம்பித்தது. வேலை பழகியவர்கள் வெளியேறித் தத்தமது வீட்டிலேயே பட்டறை போட்டார்கள்.

வர்த்தக சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இறக்குமதி செய்த பொருளைக் கழற்றிப் பார்த்து, அதன் உள்ளே இருப்பதைப் படித்து, தானே செய்யத் தொடங்கிய ஊர் அது. நாம் நூறு வருடமாகப் பூட்டு இறக்குகிறோம். ஒன்றையாவது கழற்றிப் பார்த்தோமா?

இன்று அந்த ஊருக்கு ‘தாலா நகரி’, அதாவது பூட்டு நகரம் என்றே பெயர். ராம்காட் வீதியில் அதே பெயரில் ஒரு கைத்தொழில் பேட்டையும் உண்டு. பூட்டோடு கதவுப் பிடிகள், பிணைச்சல்கள், பித்தளைச் சிலைகள் ஆகியனவும் அங்கிருந்து ஏற்றுமதியாகின்றன. எருமை இறைச்சி பதனிடும் பெரிய தொழிற்சாலைகளும் உள்ளன. மாநில அரசு 2018இல் மாவட்டத்துக்கு ஓர் உற்பத்தி என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, அலிகாருக்குப் பூட்டையும் ஹாட்வெயாரையும்தான் குறித்தது.

ஒரு பூட்டின் உள்ளே

வாங்குகிறவருக்கும் பயன்படும் என்பதால் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நல்ல ஆமைப் பூட்டின் உள்ளே ‘லீவர்’ எனப்படும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறிய வில்லு அழுத்திப் பிடிக்கும். திறப்பில் உள்ள வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால் மாத்திரமே பூட்டு விடும். ஒரு தகடு கூடினாலும் குறைந்தாலும் விடாது. பூட்டின் மேல் 6 லீவர், 7 லீவர் என்று எழுதியிருப்பது இதைத்தான். லீவர் கூடக் கூடக் கள்ளத் திறப்புப் போடுவது கடினம். ஆனால் எழுதியிருப்பது வேறு, உள்ளே இருப்பது வேறு என்பதும் உண்டு.

எனக்கு அந்த அனுபவம் உண்டு. கடையை நான் பொறுப்பெடுத்த புதிதில், விலை குறைவு என்று ஓர் ஏஜன்டிடம் பூட்டு எடுத்தேன். ஊர் பெயரும் லீவர் கணக்கும் அழகாகப் பொறித்திருந்தது. ஒரு வாரத்தில் ஓடாவி ஒருவர் இரண்டு பூட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றின் திறப்பால் மற்றதைத் திறந்து காட்டினார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெட்டி முழுவதையும் எடுத்துப் பழைய இரும்போடு போடச் சொன்னார். விற்றவற்றுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பூட்டு விற்கிறவன் விற்பது நம்பிக்கையை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அலிகாரில் ஒரு பூட்டு ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. வார்ப்பவர் ஒரு வீட்டில், தகடு வெட்டுகிறவர் இன்னொரு வீட்டில். துளை போடுவது, அராவுவது, திறப்பு வெட்டுவது, நிக்கல் முலாம் பூசுவது, மெருகிடுவது, லீவர் அடுக்கிப் பூட்டுவது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு சந்து. தள்ளுவண்டியிலும் சைக்கிள் ரிக்ஷாவிலும் அரைகுறைப் பூட்டுகள் நாள் முழுக்க ஊருக்குள் பயணம் செய்கின்றன. வேலைக்காரருக்குத் துண்டுக் கணக்கில்தான் கூலி. இடையில் ‘தேக்கேதார்’ எனப்படும் ஒப்பந்தக்காரர் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்.

இந்த முறையில் ஒரு நன்மை உண்டு. பெரிய முதல் இல்லாத ஏழையும் ஓர் அராவியோடு தொழில் தொடங்கலாம். தீமையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வேலை வீட்டுக்குள் நடப்பதால் சட்டம் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. முலாம் பூசும் தொட்டியின் நச்சுப் புகையும், மெருகிடும் சக்கரத்தின் தூசும் நேரே நெஞ்சுக்குப் போகின்றன. பிள்ளைகளும் வேலைக்கு இழுபட்டார்கள். 1996 டிசம்பரில், சிவகாசித் தீப்பெட்டித் தொழில் தொடர்பான வழக்கில் தீர்ப்புக் கூறிய இந்திய உச்ச நீதிமன்றம், சிறுவரை முதலில் விடுவிக்க வேண்டிய ஒன்பது கைத்தொழில்களைப் பெயர் குறித்தது. அதில் அலிகார் பூட்டுத் தொழிலும் ஒன்று.

மெருகிடுபவரின் கேள்வி

2007ஆம் ஆண்டு பெப்ரவரியில் நான் அலிகார் போனேன். சென்னை மண்ணடியில் நாங்கள் சரக்கு எடுக்கும் ஏஜன்ட், காயல்பட்டினத்துக்காரர், அவரோடு போனேன். டில்லியில் ரயில் ஏறும்போது மூடுபனி. அலிகாரில் இறங்கும்போதும் மூடுபனி. கையிலிருந்த ஒரே ஸ்வெட்டரை நான் மூன்று நாளும் கழற்றவில்லை.

ஊபர் கோட்டுக்குக் கீழே ஒரு சந்தில் மெருகிடும் பட்டறைக்கு அழைத்துப் போனார்கள். பத்தடி அறை. மோட்டார் சுற்றும் சக்கரத்தின் முன்னால் என் வாப்பாவின் வயதுள்ள ஒருவர் குந்தியிருந்தார். முகம், தாடி, இமை எல்லாம் கறுத்த தூசு. பற்கள் மாத்திரம் வெள்ளை. நான் இலங்கை என்று ஏஜன்ட் சொன்னதும் சக்கரத்தை நிறுத்தினார். கையைத் துடைத்துவிட்டு ஸலாம் சொன்னார். பிறகு ஒரு பூட்டைத் தூக்கிக் காட்டி, “பாய் ஸாஹிப், உங்கள் நாட்டில் இதற்கு என்ன விலை?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் பதில் சொல்ல முடியாமல் இல்லை. விலை என் நாவில் இருந்தது. ஆனால் அந்தத் தூசைப் பார்த்த பின் அதைச் சொல்ல வரவில்லை. உண்மையான விலையில் பாதியைச் சொன்னேன். அவர் விரல்களை மடித்து மனதுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தார். பாதி விலையே அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் சக்கரத்தைப் போட்டார்.

திரும்பி வரும் வழியில் காயல்பட்டினத்துக்காரர், “ஏன் காக்கா, விலையைக் குறைச்சுச் சொன்னீங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. பின்னர் பல இரவுகள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உலோகத்தின் விலை, ஒப்பந்தக்காரரின் பங்கு, முலாம், பெட்டி, டில்லி மொத்த வியாபாரி, ஏஜன்ட் கொமிஷன், கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, பழைய சோனகத் தெரு மொத்தக் கடை, பிறகு நான். ஒவ்வொருவரும் தமக்குரிய நியாயமான பங்கைத்தான் எடுக்கிறார்கள். நானும் களவெடுக்கவில்லை. அப்படியானால் ஏன் பொய் சொன்னேன்? இந்தச் சங்கிலியில் எல்லோருக்கும் தான் எடுக்கும் விலையைப் பேச ஒரு வழி இருந்தது. சக்கரத்தின் முன்னால் இருந்தவருக்கு மட்டும் அது இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

தண்டவாளத்தின் மறுபக்கம்

அன்று அஸருக்குப் பின் கட்புலா எனும் பாலத்தால் புகையிரதப் பாதையைக் கடந்து மறுபக்கம் போனோம். அந்தப் பக்கம் வேறு ஊர். அகன்ற வீதிகள், மரங்கள், கறுப்பு ஷெர்வானி அணிந்த மாணவர்கள், புத்தகக் கடைகள். அதுதான் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம். 1,155 ஏக்கர் நிலம். நான் மேலே சொன்ன கோட்டையும் இப்போது பல்கலைக்கழகத்தின் வசமே உள்ளது.

இதை ஆக்கிய சேர் செய்யித் அஹ்மத் கான் 1817இல் டில்லியில் பிறந்தவர். 1857இல் ஆங்கிலக் கம்பனியின் நீதித்துறை உத்தியோகத்தராக இருந்து, கிளர்ச்சிக்குப் பின் முஸ்லிம்கள் பட்ட அவலத்தைக் கண்ணால் கண்டார். 1869இல் இங்கிலாந்து போய் அங்குள்ள கல்விக்கூடங்களைப் பார்த்தார். 1875 மே 24ஆம் திகதி அலிகாரில் ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. 1877 ஜனவரி 8ஆம் திகதி வைஸ்ரோய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லூரி 1920இல் பல்கலைக்கழகமாகியது. சேர் செய்யித் அதைக் காணவில்லை. 1898இல் மரணித்து, கல்லூரிப் பள்ளிவாசல் வளவிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

பெயரில் முஸ்லிம் இருந்தாலும் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. கல்லூரியின் முதலாவது பட்டதாரி ஈஸ்வரி பிரஸாத் எனும் ஹிந்து மாணவர். பல்கலைக்கழகத்தின் முதலாவது வேந்தராக இருந்தவர் போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம். 1906இல் ஷெய்க் அப்துல்லாஹ்வும் அவரது மனைவி வஹீத் ஜஹானும் பழைய நகரத்தில் பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சிறிய பாடசாலையே பின்னர் பெண்கள் கல்லூரியாக வளர்ந்தது. 2024இல் ஒரு பெண்மணி முதன்முறையாக அங்கே துணைவேந்தரானார். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள், 4க்கு 3 என்ற பெரும்பான்மையில், பல்கலைக்கழகம் சிறுபான்மையினரின் நிறுவனமாக முடியாது எனக் கொள்ளக் காரணமாயிருந்த 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தள்ளி, இறுதி முடிவை வேறோர் அமர்வுக்கு விட்டார்கள்.

நம் நாட்டுக்கும் அங்கிருந்து வெளிச்சம் வந்தது. மாத்தறையில் பிறந்த கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத் அலிகாரில் படித்தவர். கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்து, பின்னர் 1960களின் தொடக்கத்திலும் 1970 முதல் 1977 வரையும் கல்வி அமைச்சராக இருந்தார். அவர் காலத்தில் ஆசிரியர் நியமனம் பெற்ற குடும்பங்கள் எங்கள் கிழக்கில் எத்தனையோ உள்ளன.

வர்த்தகருக்கு இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். கவிஞர் ஹஸ்ரத் மொஹானி அலிகார்க் கல்லூரியில் படித்தவர். அந்த நகரிலிருந்து உருதுச் சஞ்சிகை நடத்தி, ஒரு கட்டுரைக்காக 1908இல் சிறை சென்றார். பின்னர் அதே அலிகாரில் சுதேசிப் பண்டங்கள் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். பட்டம் பெற்றவர், கவிஞர், அரசியல்வாதி. கடை திறப்பதை அவர் இழிவாக நினைக்கவில்லை.

ஒரு நகரம், இரண்டு உலகம்

அவரைப் போன்றவர்கள் குறைவு என்பதுதான் சிக்கல். சேர் செய்யிதின் மனதில் இருந்த மாணவன் ஓர் உத்தியோகத்தன், ஒரு நீதிபதி, ஓர் ஆசிரியன். அக்காலத் தேவை அது. அவரை நாம் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கல்விக்கூடம், அந்தப் பக்கம் அதே அளவு காலமாகப் பட்டறை. பல்கலைக்கழகத்தில் பொறியியல் கல்லூரி உண்டு, பொலிடெக்னிக் உண்டு, மருத்துவக் கல்லூரி உண்டு. மறுபக்கத்தில் தூசு குடிக்கும் நெஞ்சுகள் உண்டு. இரண்டும் சந்தித்துக்கொண்ட அளவு போதாது. நான் பேசிய பட்டறைக்காரர்கள் பல்கலைக்கழகத்தைப் பெருமையாகவே பேசினார்கள், ஆனால் யாரோ ஒரு பணக்கார உறவினரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள்.

விளைவை நான் என் கடையில் கண்டேன். 2000களில் சீனப் பூட்டு வந்தது. இயந்திரத்தில் ஒரே அளவாகச் செய்தது, விலை குறைந்தது. அலிகார் பூட்டு என் தட்டில் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு இறங்கியது. ஒரே அச்சில், ஒரே தரத்தில் ஆயிரம் பூட்டுச் செய்ய இயந்திர அறிவும் அச்சு வடிவமைப்பும் வேண்டும். அந்த அறிவு அலிகாரில் இல்லாமல் இல்லை, பாலத்தின் மறுபக்கத்தில் இருந்தது. பின்னர் 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, நாட்கூலியும் துண்டுக் கூலியும் தாளில் வாங்கி வாழ்ந்த இத்தகைய வீட்டுத் தொழில்களே அதிகம் அடிபட்டன. 2017இல் புதிய வரி முறையும் 2020இல் கொவிட் முடக்கமும் அடுத்தடுத்து வந்தன.

சந்தையில் பிரிந்தால்

அலிகாருக்கு இன்னுமொரு காயம் உண்டு. 1978இலும் 1990இலும் அங்கு ஹிந்து முஸ்லிம் கலவரங்கள் நடந்து பலர் உயிரிழந்தார்கள். அரசியல் விஞ்ஞானி அஷுதோஷ் வார்ஷ்னே 2002இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அலிகாரையும் கேரளத்தின் கோழிக்கோட்டையும் ஒப்பிட்டார். இரண்டு நகரங்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முஸ்லிம்கள். வதந்தியும் அரசியலும் இரண்டிலும் உண்டு. ஆனால் ஒன்றில் அடிக்கடி தீ மூண்டது, மற்றதில் மூளவில்லை. ஏன்?

அவர் கண்ட விடை வர்த்தகர்களைப் பற்றியது. கோழிக்கோட்டில் வர்த்தக சங்கங்களிலும் தொழிற்சங்கங்களிலும் இரு சாராரும் கலந்து உறுப்பினராக இருக்கிறார்கள். வதந்தி வந்தால் அந்தச் சங்கத்துக்காரர்கள் ஒன்றுகூடி அதைக் கொன்றுவிடுகிறார்கள். அலிகாரில் அத்தகைய கலப்புச் சங்கங்கள் பலவீனம். பக்கத்து வீட்டு நட்பு நல்லதுதான். ஆனால் கலவர நாளில் அது மட்டும் தாங்காது, அமைப்பாக இணைந்த உறவே தாங்கும் என்பது அவர் வாதம்.

ஒற்றுமைக்கு அலிகாரில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் போன மாதத்தில் அங்கே ‘நுமாயிஷ்’ நடந்துகொண்டிருந்தது. குதிரைக் கண்காட்சியாக ஆரம்பித்த இந்த ஆண்டுப் பொருட்காட்சியில் பூட்டுக் கடை, இனிப்புக் கடை, முஷாயரா, கவி சம்மேளனம் எல்லாம் உண்டு. ஹிந்து, முஸ்லிம் குடும்பங்கள் தோளோடு தோள் உரசி நடப்பதைக் கண்டேன். ஆனால் அது வருடத்தில் சில வாரங்கள். சங்கம் என்பது வருடம் முழுவதற்கும் உரியது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. 1990 ஓகஸ்டில் ஏறாவூர் பட்டது வாசகர்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தென்பில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். மாதங்கள் கழித்துக் கடையைத் திறந்தபோது, செங்கலடிப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ் மேசன் வந்து இரண்டு மூடை சீமெந்து கேட்டார். வாப்பா பழைய கடன் கொப்பியை எடுத்தார். அதில் அவருடைய பெயர் இருந்தது. பாக்கியைக் கொடுக்கத்தான் வந்தேன், சீமெந்து பிறகு என்றார். அந்தக் கொப்பிதான் எங்களுக்கு அன்று சங்கமாக இருந்தது. ஆனால் கொப்பி இரண்டு பேருக்கு இடையில் உள்ளது. ஊருக்கு அது போதாது. நம் நகரங்களின் வர்த்தக சங்கங்களில் இன்று மற்ற சமூகத்தார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள்.

நாம் எடுக்க வேண்டியது

அலிகாரின் கதையில் நான் படித்தவை மூன்று. முதலாவது, இறக்குமதி செய்யும் பொருளைக் கழற்றிப் பாருங்கள். ஒரு நாள் நாமும் செய்யலாம். இரண்டாவது, சங்கத்தை உங்கள் தெருவுக்குள் மட்டும் வைக்காதீர்கள். மூன்றாவது, படிக்கும் பிள்ளையையும் கடையையும் பிரிக்காதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை படிக்கட்டும், படிப்பு ஏறாத பிள்ளை கடையில் நிற்கட்டும் என்று நாம் பிரிக்கிறோம். அதனால் படித்தவருக்குத் தொழில் தெரியாது, தொழில் செய்கிறவருக்குப் புதிய அறிவு கிடைக்காது. அலிகாரில் ஒரு பாலத்தின் இருபுறமும் நடந்தது, நம் வீடுகளில் ஒரு மேசையின் இருபுறமும் நடக்கிறது.

என் இளைய மகன் இப்போது பொறியியல் தொழினுட்பம் படிக்கிறான். ‘கடைக்கு அவன் இல்லை’ என்று சொந்தக்காரர்கள் கவலைப்பட்டார்கள். நானும் அவனும் ஓர் உடன்பாடு செய்திருக்கிறோம். விடுமுறையில் வந்தால் காலையில் கடை திறப்பது அவன். போன விடுமுறையில் ஒரு பழைய அலிகார் பூட்டையும் ஒரு சீனப் பூட்டையும் கழற்றி, தகடுகளைக் கடதாசியில் வரிசையாக வைத்து அளந்துகொண்டிருந்தான். “வாப்பா, இந்தப் பழையதில் லீவர் வெட்டினவர் நல்ல கைக்காரர். ஆனால் அளவுக்கு ஒரு அச்சு இருந்திருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்” என்றான்.

அவனிடம் அந்த மெருகிடும் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். நான் சொன்ன பாதி விலையைப் பற்றியும் சொன்னேன். இத்தனை வருடத்தில் வீட்டில் யாருக்கும் சொல்லாத விடயம். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பூட்டை மீண்டும் பொருத்தத் தொடங்கினான். திறப்பைப் போட்டுத் திருப்பினான். வில்லு இன்னும் இறுக்கமாகவே இருந்தது. அந்தப் பூட்டை நான் விற்பதற்கு வைக்கவில்லை. காசு மேசையின் லாச்சிக்கு அதைத்தான் போட்டிருக்கிறேன்.